மாங்கனி விருந்தும் சுக்குக் கஷாயமும்

ஆனி மாதம். பௌர்ணமி நாள். காரைக்கால் வீதிகளில் கால் வைக்க இடம் இல்லை.

பிச்சாண்டவர் சப்பரத்தில் எழுந்தருளி வருகிறார். சப்பரம் நகர நகர, இரு பக்கத்து மாடிகளில் இருந்தும் மாம்பழங்கள் பறந்து வருகின்றன. கீழே நிற்பவர்கள் தாவிப் பிடிக்கிறார்கள். பெண்கள் முந்தானையை விரிக்கிறார்கள். சிலர் தலையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்! குழந்தை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

இதுதான் காரைக்கால் மாங்கனித் திருவிழா. 63 நாயன்மார்களில் ஒருவரான காரைக்கால் அம்மையாருக்கு எடுக்கும் விழா.

அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. கணவன் பரமதத்தன் வணிகன். ஒரு நாள் அவன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினான். அந்த நேரத்தில் பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு வெந்திருந்தது. கறி ஆகவில்லை. புனிதவதியார் தயங்கவில்லை. சோற்றோடு ஒரு மாம்பழத்தை வைத்து அடியாரின் பசியைத் தீர்த்தார். மதியம் கணவன் சாப்பிட உட்கார்ந்தான். மீதி இருந்த பழத்தைத் தின்றான். ருசி விடவில்லை. "இன்னொன்று இருக்கிறதே, அதையும் கொண்டு வா" என்றான். புனிதவதியார் கலங்கிப்போய் இறைவனை வேண்டினார். கையில் ஒரு மாங்கனி வந்து நின்றது. அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லி இருக்கிறார்.

நமக்கு வேண்டியது இந்தக் கதையில் ஒரு சிறு இடம்தான். பரமதத்தன் ஒரு பழத்தோடு நிறுத்தவில்லை!

நாமும் நிறுத்துவதில்லை. திருவிழா நாட்களில் வீட்டில் கூடை கூடையாக மாம்பழம். காலையில் பழம். மதியம் தயிர் சோற்றுக்குப் பழம். உறவினர் வந்தால் பழச்சாறு. இரவில், மீந்து கெட்டுப்போகுமே என்று இன்னொரு பழம். மூன்றாம் நாள் வயிறு முறையிடுகிறது. ஏப்பம் வருகிறது. வயிறு கல்லாகக் கனக்கிறது.

அப்போதுதான் அடுப்படியில் சுக்கு இடிக்கும் சத்தம் கேட்கிறது.

பாட்டியின் அடுப்படி

விழா நடக்கும் வீதியில் ஒரு வீடு. மாலை நேரம். பாட்டி அடுப்பில் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டி, காபியா?" என்று கேட்டேன்.

"காபி ஏது தம்பி! நாலு நாளாக இந்த வீட்டில் எல்லாரும் மாம்பழமாகத் தின்று தீர்த்திருக்கிறார்கள். வயிறு என்ன இரும்பா? உட்கார், உனக்கும் ஒரு தம்ளர் தருகிறேன்."

பாட்டியின் கணக்கில் தேக்கரண்டி கிடையாது. ஒரு சிட்டிகை, ஒரு பிடி, ஒரு துண்டு என்பதுதான் அளவு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, வாசகர்களுக்காக அளவு குறித்துக்கொண்டேன்.

தண்ணீர் 4 தம்ளர். சுக்கு, கட்டைவிரலில் பாதி அளவுக்கு ஒரு துண்டு. மல்லி விதை 2 தேக்கரண்டி. சீரகம் 1 தேக்கரண்டி. மிளகு ஐந்தாறு. இனிப்புக்குக் கொஞ்சம் பனைவெல்லம். இவ்வளவுதான். பனைவெல்லமும் சுக்கும் தவிர மற்றவை எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. சுக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உள்ளே பூச்சி துளைத்திருந்தால் வேண்டாம்.

சுக்கின் மேல் தோலை முதலில் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். சுக்குக்கு நஞ்சு வெளியே, கடுக்காய்க்கு நஞ்சு உள்ளே என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வார்கள். கடுக்காயில் கொட்டையை எடுத்துவிடுவது போல, சுக்கில் தோலை எடுத்துவிடுவது வழக்கம். தோலில் மண்ணும் தூசியும் ஒட்டியிருக்கும் என்பதால், வேறு காரணம் தேடாமலே இதைச் செய்யலாம்.

மல்லியை வெறும் சட்டியில் வாசனை வரும் வரை வறுக்க வேண்டும். கருக விடக் கூடாது. சுக்கு, மல்லி, மிளகு மூன்றையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் கஷாயம் சேறாகிவிடும். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் இடித்ததைப் போட்டு, தீயைக் குறைத்து, பத்து நிமிஷம் கொதிக்க விட வேண்டும். நாலு தம்ளர் மூன்று தம்ளராகச் சுண்ட வேண்டும்.

சீரகத்தைப் பாட்டி அப்போது போடவில்லை. கடைசியில், அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டு, உடனே தட்டுப் போட்டு மூடினார். ஐந்து நிமிஷம் திறக்கவே இல்லை.

"ஏன் பாட்டி?"

"வாசனை எல்லாம் ஆவியோடு போய்விடும். வீடெல்லாம் மணந்தால், தம்ளரில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்!"

பாட்டி சொன்னது முழு உண்மை. சீரகத்தின் மணம் என்பது அதில் உள்ள எண்ணெய். அந்த எண்ணெய் ஆவியோடு பறந்துபோகும் குணம் உள்ளது. சுக்கு அப்படி அல்ல. காய்ந்து இறுகிய கிழங்கு. கொதித்தால்தான் சாறு இறங்கும். எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

பனைவெல்லத்தைத் தனியே கரைத்து, வடிகட்டித்தான் சேர்த்தார். அதில் மணல் இருக்கும். கஷாயத்தையும் துணியில் வடிகட்டி, ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்தார். பால் சேர்க்கவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, சூடாக, ஒவ்வொரு வாயாகக் குடிப்பது நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் பனைவெல்லம் இல்லாமல் குடிக்க வேண்டும். பனைவெல்லம் உடம்புக்கு நல்லது என்று நினைத்து அள்ளிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அதுவும் சர்க்கரைதான்.

காரத்துக்குள் என்ன இருக்கிறது?

இஞ்சியைக் காய வைத்தால் சுக்கு. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் "ஜிஞ்சரால்" என்ற பொருள். காய வைக்கும்போது அதில் ஒரு பகுதி "ஷோகால்" என்ற வேறு பொருளாக மாறுகிறது. அது இன்னும் அதிகக் காரம். இஞ்சிக்கு ஜப்பானிய மொழியில் "ஷோகா" என்று பெயர். அதில் இருந்துதான் இந்தப் பெயர் வந்தது. இஞ்சி சாப்பிட்டவர்களுக்கு, வயிற்றில் உள்ள உணவு குடலுக்குள் சற்று வேகமாக இறங்குகிறது என்று சில ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது. குமட்டலைக் குறைக்கிறது என்பதற்கும் சான்று உண்டு.

மல்லிக்குப் பதிலாக ஓமம் போடும் வீடுகளும் உண்டு. ஓமத்தின் நெடிக்குக் காரணம் "தைமால்". 1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன், இந்தியாவில் இருந்து ஓமம் கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே அதில் இருந்து தைமாலைப் பிரித்து எடுத்தார்கள். வயிற்றில் உள்ள கொக்கிப் புழுவுக்கு அந்தக் காலத்தில் அதுதான் மருந்து. நம் வீட்டு ஓமம் உலகம் சுற்றியது இப்படி!

சீரகத்தைச் "சீர் அகம்" என்று பிரித்து, உள்ளத்தையும் உள்ளே இருப்பதையும் சீர்படுத்துவது என்று சிலர் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வடமொழியில் அதற்கு "ஜீரகம்" என்று பெயர். ஜீரணம் என்ற சொல்லுக்கு அது உறவு.

உணவுக்குப் பின் மூலிகை வெந்நீர் குடிப்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. காரைக்கால் 1739-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். இடையில் சில காலம் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள். 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி இணைப்பு நிறைவேறியது. இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் ஒரு மாவட்டம். அந்தப் பிரெஞ்சுக்காரர்களும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புதினா போன்ற இலைகளையும் சில பூக்களையும் வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். அதற்குத் "தீசான்" என்று பெயர். கிரேக்க மொழியில் இருந்து வந்த சொல். முதலில் அதற்குப் பொருள் பார்லிக் கஞ்சி!

இந்தப் பானங்களில் பாதிச் சுகம் மூலிகையில் இருக்கிறது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கஷாயம் குடிக்கிறவன் அந்த அரை மணி நேரம் வேறு எதையும் தின்பதில்லை. உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடிக்கிறான். வயிற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது. திருவள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். 95-வது அதிகாரம். பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர் கூட இல்லை! முன்பு உண்டது செரித்துவிட்டதா என்று பார்த்து, அளவு அறிந்து உண்ண வேண்டும் என்பதுதான் அதில் பெரும் பகுதி.

ஜூலை 2022

"சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய தெய்வமும் இல்லை" என்று ஒரு பழமொழி உண்டு. பிற்பகுதியைப் பக்தர்களிடம் விட்டுவிடுகிறேன். முற்பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கும் காரைக்காலே சாட்சி.

2022-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி. மாங்கனித் திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. காரைக்காலில் பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். பரிசோதித்ததில் சிலருக்கு வந்திருப்பது காலரா என்று தெரிந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று அறிவித்தார்கள்.

காலராவை நம் பாட்டிமார்கள் வாந்திபேதி என்பார்கள். ஊரையே காலி செய்த நோய். அதை உண்டாக்கும் கிருமி, நோயாளியின் கழிவு கலந்த தண்ணீர் வழியாகப் பரவுகிறது. 1884-ம் ஆண்டு ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக், கல்கத்தாவில் வந்து ஆராய்ந்து இந்தக் கிருமியை உறுதி செய்தார்.

இங்கே கஷாயத்துக்கு ஒரு பெருமை உண்டு. நாலு தம்ளர் மூன்று தம்ளராகும் வரை கொதித்த தண்ணீரில் காலராக் கிருமி உயிரோடு இருக்காது. கொதித்துப் பொங்கும் தண்ணீர் ஒரு நிமிஷம் அப்படியே கொதித்தாலே போதும். சுக்கு, மல்லி எதுவும் போடாவிட்டாலும் அந்தத் தண்ணீர் பத்திரமானது. கஷாயத்தில் உள்ள முதல் மருந்து, கொதித்த தண்ணீர்!

ஆனால், நோய் வந்த பிறகு கஷாயம் உதவாது. தண்ணீர் போலப் பேதி போகும்போது உடம்பில் உள்ள நீரும் உப்பும் சேர்ந்து வெளியேறுகின்றன. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் கூடப் போய்விடும். கண் உள்ளே போகும். நாக்கு உலரும். சிறுநீர் குறையும். குழந்தை அழுதால் கண்ணீர் வராது. அப்போது சுக்கை இடித்துக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது. போன நீரையும் உப்பையும் திருப்பித் தர வேண்டும்.

ஒரு டாக்டரின் துணிச்சல்

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது என்பதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் ஒரு வங்காள டாக்டர். பெயர் திலீப் மகலாநபிஸ்.

1971-ம் ஆண்டு. வங்காள தேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் படுக்க இடம் இல்லை. தரையில் கிடந்தார்கள். ரத்தக் குழாயில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை.

டாக்டர் ஒரு முடிவு செய்தார். உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கரைத்தார். பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். "தம்ளரில் பிடித்துக் குடிக்கக் கொடுங்கள்" என்று நோயாளிகளின் வீட்டாரிடமே சொன்னார். அம்மா பிள்ளைக்குக் கொடுத்தாள். அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது.

வெறும் உப்புத் தண்ணீரைக் குடல் சரியாக உறிஞ்சாது. கொஞ்சம் சர்க்கரை சேர்ந்தால், சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. உப்போடு தண்ணீரும் போகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். இன்று "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரில் மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் பொட்டலம் இதுதான். டாக்டர் மகலாநபிஸ் 2022-ம் ஆண்டு அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலமும் வருகிறது. எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொட்டலத்தில் படித்துப் பாருங்கள். பாதிப் பொட்டலம் போடுவதும், தண்ணீரைக் குறைப்பதும் தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. குழந்தை வாந்தி எடுத்தால், பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இதைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

"வெறும் வாயுதான்"

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இதைப் போல ஆபத்தான வார்த்தை வேறு இல்லை என்பேன்.

ஐம்பது வயதுக்காரர். இரவு விருந்து சாப்பிட்டார். நெஞ்சில் பாரம் ஏறியது போல இருக்கிறது. வியர்க்கிறது. இடது கையோ, தாடையோ, முதுகோ வலிக்கிறது. "வாயு அடைத்திருக்கிறது, சுக்குக் கஷாயம் போடு" என்கிறார்கள். கஷாயம் கொதிக்கிறது. அவர் குடிக்கிறார். ஓர் ஏப்பம் வருகிறது. "பார்த்தாயா!" என்கிறார்கள். வலி மட்டும் போகவில்லை. விடியட்டும் என்று படுக்கிறார். மாரடைப்பு விடியும் வரை காத்திருக்காது. இப்படி வலி வந்தால் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

வயிற்றுப் புண் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். மிளகும் சுக்கும் எரிச்சலைக் கூட்டும். காரமும் கவலையும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள், பெரும்பாலும் அதற்கு ஒரு கிருமிதான் காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984-ம் ஆண்டு அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார்! வயிறு அழன்று அவதிப்பட்டார். 2005-ம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே, மாதக் கணக்கில் வயிறு எரிந்தால் அதற்குக் கஷாயம் போதாது. பரிசோதனையும் மருந்தும் உண்டு. மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், காரணம் இல்லாமல் உடல் இளைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் தினந்தோறும் கஷாயம் குடிப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். வெந்நீர் கூடத் தேவை இல்லை.

இதை எல்லாம் பாட்டியிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்கள் காலத்தில் வாந்திபேதி வந்தால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுவோம், தம்பி. இப்போது பொட்டலம் இருக்கிறது. வாங்கி வைத்திருக்கிறேன். சுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது" என்றார்.

பிறகு, என் தம்ளரை எட்டிப் பார்த்தார்.

"பேசிப் பேசி ஆற வைத்துவிட்டாயே! கொடு, சூடு பண்ணித் தருகிறேன்."